பெற்றோல் இல்லாத காலத்திலும் சூடு குறையவில்லையே, ஏன்?

சங்கானைச் சைக்கிள்

வணக்கம். 2020இல் ஊரடங்கு வந்து உலகம் முழுக்க விமானமும் தொழிற்சாலையும் படுத்துக் கிடந்தன. 2022இல் எங்கள் நாட்டில் பெற்றோலே இல்லை. கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்றோம், யாழ்ப்பாணம் பழையபடி சைக்கிள் பட்டினமானது. சரி, இவ்வளவு எரிபொருள் எரியாமல் மிஞ்சியதே, பூமி எப்பனாவது குளிர்ந்திருக்க வேண்டாமா? அளவெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்து 2024தான் மிகச் சூடான ஆண்டு என்கிறார்கள். அப்படியென்றால் எரிபொருளைக் குறைத்தால் வெப்பம் குறையும் என்பது வெறும் கதையா?

நக்கலுக்குக் கேட்கவில்லை. மகள் தரம் 10 விஞ்ஞானத்தில் இதைப் படிக்கிறாள். அவள் கேட்டாள், எனக்குப் பதில் வரவில்லை.

வடலி

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கதைதான். ஒரு எரிமலை வெடித்தால் மனிதன் நூறு வருடம் விடுகிற புகை ஒரே நாளில் வந்துவிடும். பங்குனி சித்திரையில் யாழ்ப்பாணம் எப்போது குளிராக இருந்தது? அப்பு காலத்திலும் வெயில்தான்.

பௌதிகம் படிப்பித்தவர்

தம்பி சங்கானை, மகள் கெட்டிக்காரி. பாடப்புத்தகம் இந்த இடத்தைத் தொடாமல் போய்விடுகிறது, பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள்.

நிலக்கரி, எண்ணெய், வாயு எரிப்பதால் உலகம் ஆண்டுக்குச் சுமார் 37 பில்லியன் தொன் காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. 2020இல் எல்லாம் மூடிக் கிடந்தும் அது ஏறக்குறைய 5 வீதம்தான் குறைந்தது. விமானம் நின்றது எல்லோர் கண்ணிலும் பட்டது. மின் நிலையமும் உருக்காலையும் சீமெந்து ஆலையும் வீட்டு அடுப்பும் நிற்கவில்லை என்பது படவில்லை. 2021இலேயே கிட்டத்தட்டப் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டோம்.

வெளிவருவதில் பாதியளவைக் கடலும் காடும் மண்ணும் உறிஞ்சிக்கொள்கின்றன. மிச்சம் வளிமண்டலத்தில் சேருகிறது. சேர்ந்தது இலகுவில் போகாது, அதில் ஒரு பங்கு ஆயிரம் வருடம் கழித்தும் மேலேயே நிற்கும். மாதாமாதம் கடன் வாங்குகிற ஒருவர் ஒரு மாதம் மட்டும் 5 வீதம் குறைத்து வாங்கினால் அவருடைய கடன் குறையுமா? அந்த மாதமும் கடன் கூடத்தான் செய்யும். நாங்கள் உணருகிற சூடு, மொத்தக் கடனுக்கு விழுகிற வட்டி.

ஹவாயில் மவுனா லோவா மலையில் சார்ல்ஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் மில்லியனுக்கு 315 பங்கு காபனீரொட்சைட்டு இருந்தது. கைத்தொழில் புரட்சிக்கு முன் அது 280 அளவில் இருந்திருக்கிறது. 2024இல் ஆண்டுச் சராசரி 424ஐத் தாண்டிவிட்டது. ஊரடங்கு ஆண்டான 2020இலும் இரண்டு பங்குக்கு மேல் ஏறியது. அந்த வரைபில் ஊரடங்கு எங்கே என்று வெறுங் கண்ணால் தேடினால் கிடைக்காது.

மகளுக்கு இன்னும் ஒரு எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். ஐநாவின் காலநிலை விஞ்ஞானக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி, ஒவ்வோர் ஆயிரம் பில்லியன் தொன் காபனீரொட்சைட்டுக்கும் பூமி சுமார் 0.45 பாகை செல்சியஸ் சூடாகிறது. இதை வைத்து வீட்டிலேயே கணக்குப் போடலாம். 37 பில்லியன் தொன் என்றால் ஆண்டுக்கு 0.017 பாகை. 2020இல் மிஞ்சியது 2 பில்லியன் தொன் அளவில். அதனால் தவிர்த்த சூடு ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு மேலே, பசிபிக் கடல் சில வருடத்துக்கு ஒருமுறை சூடாகிற எல் நினோ வந்தால் ஒரே ஆண்டில் பத்தில் ஒரு பாகை ஏறி இறங்கும். 2023, 2024இல் அதுவும் சேர்ந்துகொண்டது. இதற்குள் ஆயிரத்தில் ஒரு பங்கை எந்த வெப்பமானியில் பார்க்கப் போகிறோம்?

கரையோரம்

வாத்தியார் எரிமலையை எனக்கு விட்டுவைத்திருக்கிறார் போல.

வடலி அண்ணை, உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் விடும் காபனீரொட்சைட்டு மனிதர் விடுவதில் 1 வீதம்கூட இல்லை. 1991இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ வெடித்தது. அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று. அதற்குப் பிறகு பூமி சூடாகவில்லை, ஒன்றிரண்டு வருடம் சுமார் அரைப் பாகை குளிர்ந்தது. மேலே போன கந்தகத் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்பியதுதான் காரணம்.

மேலே சேர்ந்திருக்கிற காபன் எங்கிருந்து வந்தது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. உயிரோடு இருக்கிற மரத்திலும் மிருகத்திலும் காபன் 14 என்ற கதிர்வீச்சுக் காபன் கொஞ்சம் இருக்கும். 5,730 வருடத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். கோடிக்கணக்கான வருடம் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது துளியும் இல்லை. 1950களில் ஹான்ஸ் சூஸ் மரவளையங்களை ஆராய்ந்தபோது, காற்றில் காபன் 14இன் பங்கு ஐதாகிக்கொண்டு வருவதைக் கண்டார். மண்ணுக்குள் கிடந்த பழைய காபன் காற்றில் கலப்பதன் அடையாளம் அது.

அப்பு காலத்திலும் வெயில் இருந்தது, உண்மை. பூமி முழுவதன் சராசரி அப்பு காலத்தைவிட ஒரு பாகைக்கு மேல் ஏறியிருக்கிறது என்பதும் உண்மை.

சங்கானைச் சைக்கிள்

நன்றி வாத்தியார், நன்றி தங்கச்சி. இப்போது அடுத்த கேள்வி வருகிறது. நாளைக்கே உலகம் முழுக்க எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம் என்று வையுங்கள். நடக்காது, ஒரு பேச்சுக்கு. அப்போதாவது குளிருமா?

கரையோரம்

குளிராது. ஆனால் ஏறுவது நிற்கும். இந்த இரண்டாவது பாதி முக்கியம். எத்தனையோ பேர் "இனி என்ன செய்தும் பிரயோசனமில்லை, சூடு ஏறியே தீரும்" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கடல் மிக மெதுவாகச் சூடாகிறது. அது இன்னும் முழுதாகச் சூடாகி முடியவில்லை. ஆகவே புகையை நிறுத்தினாலும் தரையும் காற்றும் இன்னும் கொஞ்சம் சூடாகப் பார்க்கும். அதே கடல் மறுபக்கத்தில் காபனீரொட்சைட்டைத் தொடர்ந்து உறிஞ்சுகிறது. மேலே புதிதாக ஒன்றும் சேராததால் காற்றிலுள்ள அளவு மெல்லமெல்ல இறங்கும். இந்த இரண்டும் ஏறக்குறைய ஒன்றை ஒன்று ஈடுசெய்துவிடுகின்றன. பல கணினி மாதிரிகளை ஓட்டிப் பார்த்ததில் வருகிற விடை, காபனீரொட்சைட்டு பூச்சியமானால் அடுத்த சில பத்தாண்டுகளுக்குச் சராசரி வெப்பநிலை அநேகமாக அதே இடத்தில் நிற்கும் என்பதுதான்.

ஆகவே பாதியாகக் குறைத்தால் சூடு ஏறும் வேகம் குறையும், நிற்காது. நிற்க வேண்டுமென்றால் பூச்சியத்துக்குக் கிட்டப் போகவேண்டும்.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. நல்லது மீதேன். மனிதரால் வருகிற மீதேனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்க் கிணறு, வாயுக் குழாய், நிலக்கரிச் சுரங்கம் என்பவற்றிலிருந்துதான் கசிகிறது. 20 வருடக் கணக்கில் பார்த்தால் அதே நிறை காபனீரொட்சைட்டைவிட 80 மடங்கு சூடேற்றும். ஆனால் பன்னிரண்டு வருட அளவில் சிதைந்துவிடும். அதைக் குறைத்தால் பலன் எங்கள் ஆயுளுக்குள்ளேயே தெரியும்.

கெட்டது கந்தகம். நிலக்கரியும் கப்பல் எண்ணெயும் எரியும்போது காபனீரொட்சைட்டோடு கந்தகவீரொட்சைட்டும் வருகிறது. அது பினாட்டுபோ செய்த வேலையைச் சின்ன அளவில் தினமும் செய்கிறது. இப்போது அந்தத் துகள்கள் ஏறக்குறைய 0.4 பாகைச் சூட்டை மறைத்துக்கொண்டிருக்கின்றன என்பது ஐபிசிசியின் மதிப்பீடு. எரிப்பதைக் குறைத்தால் அவை சில நாட்களிலேயே கழுவுப்பட்டுப் போய்விடும், மறைந்திருந்த சூடு வெளியே வரும். 2020 ஜனவரியில் கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் உச்ச அளவை 3.5 வீதத்திலிருந்து 0.5 வீதமாக்கினார்கள். அண்மைக் காலச் சூட்டில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இப்போதும் வாக்குவாதம்.

வடலி

அட, அப்ப புகைதான் எங்களைக் காப்பாற்றுகிறதா? பேசாமல் நல்லா எரிப்போம்!

பௌதிகம் படிப்பித்தவர்

எரியுங்கோ. கந்தகம் ஒரு கிழமையில் மழையோடு இறங்கிவிடும், காபனீரொட்சைட்டு உங்கள் கொள்ளுப்பேரனுக்கும் மிஞ்சும். மறைப்பு அப்படியே இருக்கவேண்டுமானால் வருடாவருடம் விடாமல் எரிக்க வேண்டும், அடியில் சூடு ஏறிக்கொண்டே போகும். அந்தத் துகளைச் சுவாசித்து உலகத்தில் வருடத்துக்குப் பல இலட்சம் பேர் சாகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கோ.

செம்மண்

எல்லோரும் விஞ்ஞானம் கதைக்கிறீர்கள், நல்லது. நான் தோட்டக்காரன், வெங்காயமும் புகையிலையும் செய்கிறவன். எங்களைக் கேட்டுவிட்டா உலகம் சூடானது? இலங்கை முழுதும் சேர்த்து உலகப் புகையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆனபோது இறைப்பு மிசின் வைத்திருந்தவன்தான் செத்தான். குருநகர், மயிலிட்டிப் பக்கம் சின்ன வள்ளம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்போது ஒருவரும் காலநிலை என்று கதைக்கவில்லை, காசில்லை என்றார்கள்.

எரிபொருளைக் குறை என்று என்னிடம் சொல்ல வருகிறவர் முதலில் அமெரிக்காவுக்குப் போய்ச் சொல்லட்டும்.

ஸ்காபரோ மருமகன்

செம்மண் அண்ணை, கோபம் விளங்குகிறது. ஆனால் எல்லோரும் இப்படி "நான் சின்ன ஆள்" என்று சொன்னால் ஒருவரும் குறைக்கமாட்டார்கள். இங்கே நாங்கள் மின்சாரக் காருக்கு மாறிவிட்டோம். இலங்கையிலும் வாகன இறக்குமதி 2025இல் திறந்துவிட்டார்கள்தானே. யாழ்ப்பாணம் தட்டையான ஊர், ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தம் போனாலும் சார்ஜ் முடியாது. ஏன் இன்னும் பெற்றோல்?

செம்மண்

மருமகன், நீங்கள் இருக்கிற நாட்டில் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு எத்தனை தொன் என்று ஒருக்கால் பார்த்துவிட்டு வாருங்கள்.

கரையோரம்

கனடாவில் ஆளுக்கு 14 தொன் அளவில், உலகச் சராசரி ஐந்துக்குக் கொஞ்சம் கீழே, இலங்கையில் ஒரு தொன் அளவில். நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து ஒருவர் வந்து போனால், அந்த விமானப் பயணத்தில் அவருக்கு விழுகிற பங்கே இங்கே ஒருவர் வருடம் முழுக்க வெளிவிடுவதைவிடக் கூட. திருவிழாவுக்கு வரவேண்டாம் என்று சொல்லவில்லை :)

மின்சார வாகனம் பற்றி மருமகன் சொன்னதும் சரிதான். ஒரு லீற்றர் பெற்றோலின் நிறை முக்கால் கிலோ. அது எரிந்தால் 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும். கூடுகிற நிறை காற்றிலிருந்து சேர்கிற ஒட்சிசனுடையது. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடுகிற மோட்டார் சைக்கிள் ஒரு கிலோமீற்றருக்கு 46 கிராம் விடுகிறது. மின்சார மோட்டார் சைக்கிளுக்கு 100 கிலோமீற்றருக்கு 3 அலகு மின்சாரம் போதும். அந்த அலகில் பாதி நுரைச்சோலை அனல்மின் நிலையத்து நிலக்கரியில் வந்ததென்று வைத்தாலும் கிலோமீற்றருக்கு 15 கிராம் அளவில்தான். பெற்றோல் எஞ்சினில் சக்தியில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிறது, மின் மோட்டரில் அப்படியில்லை.

மட்டுறுத்துநர்

எந்த நாட்டுக்காரர் நல்லவர் என்ற போட்டி வேண்டாம். இழைக்குள் நிற்போம்.

சிமிலி விளக்கு

பிள்ளைகளே, எரிபொருள் இல்லாமல் வாழ்ந்து காட்டிய ஊர் இது, அதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே பெற்றோல் கண்ணில் காட்டவும் கிடையாது. பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துக் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு எரித்தோம், பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துத்தான் வளாகம் போனார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி வானொலியில் செய்தி கேட்டோம். மோட்டார் சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பின்னால் வருகிறவனுக்கு ரோட்டே தெரியாது, அவ்வளவு புகை.

அந்தக் காலத்தில் உலகத்திலேயே ஆகக் குறைந்த புகை விட்டவர்களில் நாங்களும் இருந்திருப்போம். அதனால் பூமிக்கு ஏதாவது நன்மை நடந்ததா? இல்லை. எங்களுக்கு நடந்ததா? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் இல்லாமல் சனம் செத்தது. அதனால்தான் "எரிபொருளைக் குறையுங்கள்" என்று யாரும் சொல்லும்போது என் வயதுக்காரருக்கு வயிற்றைப் பிசைகிறது. குறைப்பது வேறு, பறிப்பது வேறு. விளக்கை அணைக்கச் சொல்லாதீர்கள், வேறு விளக்கு கொடுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். எண்ணெய் எரிப்பதன் கேடு வானத்தில் மட்டும் இல்லை. சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதந்த விவகாரத்தை மறந்துவிட்டீர்களா? 2014, 2015இல் வாளி வாளியாகத் தண்ணீர் வாங்கித்தான் அந்தப் பக்கச் சனம் குடித்தது. ஒரு மின் நிலையத்துக் கழிவெண்ணெய். உலகம் சூடாகாவிட்டாலும் அந்தக் கேடு கேடுதானே.

குமுதினிப் பயணி

சிமிலி ஐயா சொன்ன "வேறு விளக்கு" எங்களுக்குத்தான் முதலில் தேவை. நெடுந்தீவில் கறண்ட் என்றால் டீசல் ஜெனரேற்றர். அந்த டீசலும் கடல் கடந்து படகில்தான் வரவேண்டும். குறிகட்டுவானில் கடல் கொந்தளித்தால் அதுவும் தாமதம். பக்கத்தில் எழுவைதீவில் காற்று, சூரியன், பற்றரி, டீசல் நான்கையும் சேர்த்த சின்ன மின் கட்டமைப்பு சில வருடங்களாக இருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் அதே மாதிரி ஒன்றுக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள். இங்கே காலநிலையைப் பற்றி யாரும் தத்துவம் பேசத் தேவையில்லை. தீவில் டீசல்தான் ஆகச் செலவான மின்சாரம், காற்றும் வெயிலும் சும்மா கிடக்கிறது.

வடலி

காற்றாலை என்றால் மன்னார்ச் சனம் ஏன் ரோட்டில் இறங்கியது? பளையில் ஏ9ஆல் போகும்போது பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. மன்னாரில் 100 மெகாவாற்று தம்பபவனி போட்டார்கள், பிறகு அதானி வருகிறார் என்றார்கள், 2025 மாசியில் அவரும் விட்டுவிட்டுப் போனார். அந்த வருடமே ஊர்ச் சனம் மாதக்கணக்கில் போராட்டம். அப்ப இதுவும் கேடுதானே?

சிமிலி விளக்கு

தம்பி வடலி, இந்தமுறை நீர் கேட்டது சரியான கேள்வி. மன்னார்ச் சனம் காற்றை எதிர்க்கவில்லை. தங்களைக் கேட்காமல் தங்கள் நிலத்தில் நடுவதை எதிர்க்கிறார்கள். வெள்ளம் வடிகிற வழி, கரைவலை இழுக்கிற இடம், பறவை வருகிற பாதை, எல்லாம் அந்தச் சின்னத் தீவுக்குள்தான். கொழும்பில் இருந்து கோடு போட்டால் நிலக்கரி என்றாலும் காற்று என்றாலும் ஒரே மாதிரித்தான் முடியும்.

இன்வேட்டர்க்காரன்

நான் கூரைச் சோலர் பூட்டுகிற வேலை. இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், இனி வாய் திறக்காவிட்டால் சரிவராது.

இந்த நாட்டில் மதியத்தில் வெயில் மின்சாரம் மிஞ்சுகிறது, இரவில் போதாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருண்டது ஞாபகம் இருக்கும். எல்லோரும் குரங்கைப் பகிடி பண்ணினார்கள். அன்று விடுமுறை நாள், பாவனை குறைவு, சோலர் கூட. சோலரில் சுழல்கிற பெரிய இயந்திரம் கிடையாது, அதனால் ஒரு அடி விழுந்தால் தாங்குகிற பலம் கட்டமைப்பில் குறைந்திருந்தது. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலர் வைத்திருப்பவர்களைப் பகலில் அணைத்து வைக்கச் சொன்னார்கள். கடன் எடுத்துப் பூட்டியவன் என்னைத்தான் தொலைபேசியில் ஏசினான்.

நுரைச்சோலையில் 300 மெகாவாற்று இயந்திரம் மூன்று. மதியம் வெயில் வந்துவிட்டது, நீ படு, ஆறு மணிக்கு எழும்பு என்று நிலக்கரி இயந்திரத்துக்குச் சொல்ல முடியாது. ஒரு அளவுக்குக் கீழே இறக்கவும் முடியாது. ஆகவே இன்னும் ஆயிரம் கூரையில் நான் தகடு பூட்டினாலும், பற்றரி இல்லாவிட்டால் நிலக்கரி அந்த அளவுக்குக் குறையாது. 2030இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று அரசாங்கம் இலக்கு வைத்திருக்கிறது. தகட்டை எண்ணினால் போதாது, மதியத்து மின்சாரத்தை மாலைக்குத் தள்ளுகிற வழி வேண்டும், இல்லாவிட்டால் மதியத்திலேயே செலவழிக்கிற வேலை வேண்டும். ஐஸ் தொழிற்சாலை, அரைக்கிற ஆலை, தண்ணீர் இறைப்பு, இவற்றை எல்லாம் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் கொண்டுவந்தால் ஒரு சதம் பற்றரிச் செலவும் இல்லை.

செம்மண் அண்ணை, உங்களுக்கு மண்ணெண்ணெய் மிசினை விட்டுவிட்டு சோலர் பம்புக்கு வரலாமே?

செம்மண்

வரலாம். அயலில் ஒருவர் பூட்டியிருக்கிறார், போய்ப் பார்த்தேன். காலை தொடங்கி மாலை வரை ஓடுகிறது, எண்ணெய்க் காசு இல்லை என்பதால் அவர் நிறுத்துவதே இல்லை. மண்ணெண்ணெய் மிசின் என்றால் லீற்றரை நினைத்தே நாங்கள் அளந்து இறைப்போம். இப்போது அவர் வாய்க்கால் நிறைந்து வழிகிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர் பிடித்துவிட்டது என்கிறார்கள்.

கரையோரம்

இதைத்தான் நான் எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணை சொன்னதை எல்லோரும் இன்னொரு தரம் வாசியுங்கள்.

குடாநாட்டில் ஆறு கிடையாது. மழைக்காலத்து வழுக்கையாற்றை ஆறு என்று சொன்னால் உண்டு, அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் நன்னீராக மிதக்கிறது. கொள்கை அளவில், கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும். மறுபக்கமாகச் சொன்னால், இறைத்து இறைத்து மேல் மட்டத்தை 1 மீற்றர் இறக்கினால் கீழே உப்பு 40 மீற்றர் ஏறப் பார்க்கும். எங்கள் கல் பிளவும் பொந்துமாக இருப்பதால் கணக்கு அப்படியே பொருந்தாது, ஆனால் திசை அதுதான்.

இப்போது கடல் மட்டத்தையும் சேருங்கள். 1901க்கும் 2018க்கும் இடையில் உலகச் சராசரிக் கடல் மட்டம் 20 சென்ரிமீற்றர் ஏறியது. இப்போது வருடத்துக்கு 4 மில்லிமீற்றர் அளவில். இதில் எரிபொருளைக் குறைத்தாலும் உடனே நிற்காது. காற்றின் வெப்பநிலை நின்றுவிடும் என்று மேலே சொன்னேன், கடல் அப்படியில்லை. சூடான நீர் விரிந்துகொண்டே இருக்கும், பனிப்பாளம் உருகிக்கொண்டே இருக்கும், நூற்றாண்டுக் கணக்கில். ஆனால் வேகம் எங்கள் கையில். வெளியீட்டை மிக வேகமாகக் குறைத்தால் 2100இல் 28 முதல் 55 சென்ரிமீற்றர், கட்டுப்பாடில்லாமல் எரித்தால் 63 முதல் 101 வரை என்று ஐபிசிசி மதிப்பிட்டது. யாழ்ப்பாணம் போல ஒரு தட்டை நிலத்துக்கு ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர் வித்தியாசம் என்பது எத்தனை கிராமத்துக் கிணறு!

ஆக, சோலர் பம்ப் பூட்டினால் புகை குறையும், நல்லது. ஆனால் அந்தச் சும்மா மின்சாரமே கடல் ஏறுவதற்கு முன் கிணற்றை உப்பாக்கிவிடலாம். எரிபொருள் விலைதான் இவ்வளவு காலமும் எங்களை அறியாமலே நிலத்தடி நீருக்குக் காவல் நின்றது. அந்தக் காவலை எடுக்கும்போது வேறு காவல் வைக்கவேண்டும் என்று மானியம் கொடுக்கிறவர்கள் யாரும் எழுதவில்லை.

ஸ்காபரோ மருமகன்

அப்ப என்னதான் செய்யச் சொல்கிறீர்கள்? மண்ணெண்ணெயும் கூடாது, சோலரும் கூடாதா?

பௌதிகம் படிப்பித்தவர்

மருமகன், கூடாது என்று தங்கச்சி சொல்லவில்லை. பூட்டுகிறபோதே அளவையும் பூட்டு என்கிறாள்.

சங்கானைத் தம்பிக்கு இதையும் சொல்லவேண்டும், மகள் அடுத்து அதைத்தான் கேட்பாள். உலகம் இன்றைக்கே தீவிரமாகக் குறைக்கத் தொடங்கினால் வெப்பமானியில் வித்தியாசம் எப்போது தெளிவாகத் தெரியும்? ஐபிசிசி சொல்வது, ஏறக்குறைய 20 வருடத்துக்குள். எல் நினோ போன்ற இயற்கை ஆட்டங்களுக்கு மேலால் தெரிய அவ்வளவு காலம் எடுக்கும். அரசியல்வாதிக்கு ஐந்து வருடம்தான் கணக்கு. அதனால்தான் 2023இல் டுபாய் காலநிலை மாநாட்டில் "எரிபொருளிலிருந்து விலகிப் போவோம்" என்று எழுதி ஒப்புக்கொண்டுவிட்டு, 2024இல் உலகம் முன்னெப்போதையும்விடக் கூடுதலாக நிலக்கரி எரித்தது. அதே 2024இல் சீனா மட்டும் ஒரே வருடத்தில் 277 கிகாவாற்று சோலர் பூட்டியது. இரண்டும் ஒரே உலகத்தில் ஒரே ஆண்டில் நடக்கிறது.

என் வயதுக்கு அந்த 20 வருடத்தைப் பார்ப்பேனா தெரியாது. தரம் 10 பிள்ளை பார்க்கும்.

சங்கானைச் சைக்கிள்

வாத்தியார், நீங்கள் சொன்ன 0.45 கணக்கை மகள் கொப்பியில் போட்டுவிட்டாள். இப்போது "அப்பாவின் மோட்டார் சைக்கிளால் எத்தனை பாகை?" என்று கணக்குப் போடுகிறாள். பூச்சியங்களை எழுத ஒரு வரி போதவில்லை. செம்மண் அண்ணை அதைக் காட்டித்தான் வழக்காடுவார் என்று நினைக்கிறேன் :)

செம்மண்

வழக்காடத்தான் போகிறேன். பூச்சியம் எனக்கு, பில் அவர்களுக்கு. அதில் மாற்றமில்லை.

ஆனால் கிணறு என்னுடையது. இன்வேட்டர்த் தம்பி, பம்ப் பூட்டினால் தண்ணீர் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் தானாக நிற்கிற மாதிரிச் செய்ய முடியுமா? மிதவைச் சுவிட்ச் ஒன்று முன்னம் வாங்கினேன், பாசி பிடித்து மாட்டிக்கொண்டது.

இன்வேட்டர்க்காரன்

மிதவை வேண்டாம் அண்ணை. துருப்பிடிக்காத உருக்குக் கம்பி மூன்றைக் கிணற்றுக்குள் வேறு வேறு ஆழத்தில் இறக்கி ஒரு ரிலேயோடு இணைக்கலாம். தண்ணீர் நடுக் கம்பியை விட்டு இறங்கினால் பம்ப் நிற்கும், மேல் கம்பியைத் தொட்டால்தான் திரும்ப ஓடும். அசையிற சாமான் ஒன்றும் இல்லை, மாட்டிக்கொள்ளாது. நடுக் கம்பியை எந்த ஆழத்தில் விடுவது என்பதை நான் சொல்ல முடியாது. கோடையில் உங்கள் கிணற்றில் எந்த மட்டத்தில் உவர் தட்டத் தொடங்குகிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். கரையோரம் தங்கச்சி உப்பு அளக்கிற கருவியோடு ஒருக்கால் வந்தால் இன்னும் நல்லது.

கரையோரம்

வருகிறேன். பங்குனி கடைசியில் ஒன்று, ஆவணியில் ஒன்று அளந்தால்தான் பிரயோசனம். அயல்காரரின் கிணற்றையும் சேர்த்து அளக்க அவர் சம்மதிப்பாரா என்று கேட்டு வையுங்கள் அண்ணை.